ஈ வராத தொழு

போன மாதம் என் பழைய ஆய்வகத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுப் புதுக் கருவியைக் காட்டினார்கள். பாலை ஊற்றிப் பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால், எந்தப் பூச்சிமருந்து எவ்வளவு இருக்கிறது என்று பெயர் போட்டுத் திரையில் காட்டிவிடுகிறது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பாதி ஆயுளைக் கண்ணாடிக் குடுவை கழுவியே கழித்தவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத சாம்பிள் எது?" போய் வேலையைப் பாருங்கடி என்று சொல்லிவிட்டு பழனிசெட்டிபட்டி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன். மறக்க முடியாதது ஒன்று இருக்கிறது. டீ நேரத்தில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் வேலை பார்த்தது தேனியில் ஒரு தனியார் பால் கம்பெனியின் ஆய்வகத்தில். பெயர் வேண்டாம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் சேர்ந்தேன். பிறகு வெளிநாட்டுக்கு நெய் அனுப்ப ஆரம்பித்தார்கள். நெய்யில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று வாங்குகிறவன் கேட்டான். அதற்கென்று ஒரு கருவி வாங்கி, அதோடு ராமநாதன் சாரையும் கொண்டுவந்து வைத்தார்கள். என் படிப்பெல்லாம் அவரிடம் சேர்ந்த பிறகுதான்.

சார் அதிர்ந்து பேச மாட்டார். ஆய்வகத்துக்குள் 'விஷம்' என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. "இருக்கு, இல்ல. இந்த ரெண்டு வார்த்தைதான் நமக்குக் குடுத்திருக்காங்க" என்பார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது. வீட்டில் கொசுவர்த்தி கொளுத்தினால் மறுநாள் கருவிப் பக்கம் வரக் கூடாது. காலையில் வந்ததும் என் கையை முகர்ந்து பார்ப்பார். கல்யாணம் ஆன புதிதில் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லப்போய், அந்த மனுஷன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பாலில் ஏதாவது தெரிந்துவிட்டால் சார் சந்தோஷப்பட மாட்டார், பதறவும் மாட்டார். "முதல்ல நம்மளச் சந்தேகப்படும்மா" என்று சொல்லி, எல்லாக் குடுவையையும் திரும்பக் கழுவ வைத்து முதலிலிருந்து செய்யச் சொல்வார்.

செய்கிற விதம் இதுதான். பாலிலிருந்து கொழுப்பை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஏனென்றால் நாங்கள் தேடுகிற பழைய ஜாதி மருந்துகள் தண்ணீரோடு ஒட்டாது, கொழுப்பில் போய் ஒண்டிக்கொள்ளும். அந்தக் கொழுப்பைக் கரைத்து, வெள்ளைத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, இறங்கியதைச் சுண்டவைத்து, கடைசியில் மிஞ்சுகிற துளியை ஊசியால் கருவிக்குள் செலுத்த வேண்டும். கருவியின் பேனா காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போகும். ஒன்றுமில்லை என்றால் கோடு கம்பம் ரோடு மாதிரி நேராகப் போகும். இருந்தால் ஒரு இடத்தில் மலை மாதிரி ஏறி இறங்கும். ஒவ்வொரு மருந்துக்கும் அது ஏறுகிற இடம் ஒன்று உண்டு. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு அந்தப் பேனாவைப் பார்த்தபடி நிற்கையில், அது ஏறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன்.

ஒன்றை மட்டும் சார் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். மாடு தின்ற மருந்து சாணியில் போய்விடும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். இந்த ஜாதி போகாது. தோலுக்கடியில், குடலைச் சுற்றி, எங்கே கொழுப்பு இருக்கிறதோ அங்கே குடித்தனம் வைத்துவிடும். மாடு கொழுத்து நிற்கிறவரை சத்தமில்லாமல் கிடக்கும். மாடு மெலிந்தாலோ, கன்று போட்டுப் பால் இறங்கினாலோ, கொழுப்பு உருகும்போது அதுவும் எழுந்து வரும். "மாட்ட விட்டு அது வெளிய வர்றதுக்குப் பெரிய வாசல் ஒண்ணுதாம்மா. மடி" என்பார். அன்றைக்கு ராத்திரி எனக்குப் பால் சோறு இறங்கவில்லை.

இனி அந்த சாம்பிளுக்கு வருகிறேன்.

கம்பம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து வந்த பாலில் பேனா ஏறியது. சார் வழக்கம் போல எங்களையே சந்தேகப்பட்டார். கழுவினோம், திரும்பச் செய்தோம். அதே இடத்தில் அதே மலை. பி.ஹெச்.சி. என்கிற பூச்சிமருந்துப் பவுடர் ஏறுகிற இடம் அது. தடை செய்து வருஷக்கணக்கான மருந்து, எந்தக் கடையிலும் கிடைக்காது. டேங்கரிலிருந்து கேனுக்கு, கேனிலிருந்து வீடு வீடாக என்று பின்னாலேயே போய்ப் பால் எடுத்ததில், கடைசியில் ஒரே ஒரு மாட்டுத் தொழுவில் போய் நின்றது. ஜெசிந்தா என்கிற பெண்ணின் தொழு அது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற ஊர். ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் விடிந்ததும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். மாடுகள் எல்லாம் அவள் பொறுப்பு. வயிறு லேசாகத் தெரிகிற மாசம் அவளுக்கு. என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வாங்க மேடம். பால்ல தண்ணி ஊத்துறேன்னு எவனாச்சும் பெட்டிசன் போட்டுட்டானா?"

"தண்ணி இல்லம்மா. வேற ஒண்ணு பாக்கணும்."

"நல்லாப் பாருங்க. இங்கன ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

தொழு அத்தனை சுத்தம். ஆனால் உள்ளே போனதும் எனக்கு என்னவோ போல இருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. லேசாகப் பூஞ்சணம் பிடித்த மாதிரி ஒரு வாடை. மாடுகள் எல்லாம் சிலை மாதிரி நின்றன. எதிரே மண் சுவர். அதில் மாட்டின் முகவாய் உயரத்தில், ஒவ்வொரு மாடும் கட்டியிருந்த இடத்துக்கு நேராக ஒரு குழி. நக்கி நக்கியே உண்டான குழி. உள்ளங்கையை வைத்தால் வழுவழுவென்று இருக்கும் போலிருந்தது. குழிகளுக்கு மேலே வனத்து அந்தோணியார் படம், மாலை, மெழுகுவர்த்தி.

"அந்தோணியார் சொவரு மேடம் இது" என்றாள். "எங்கய்யா கட்டுனது. மாட்டக் கொண்டாந்து கட்டுன அன்னைக்கே நக்க ஆரம்பிச்சிருச்சாம். எங்க தொழுவுல ஒரு மாட்டுக்கு உண்ணி கெடையாது. ஊர்ல யாரு மாட்டுக்கு உண்ணி வந்தாலும் இங்கனதான் ஓட்டிட்டு வருவாக. எங்காளுக மட்டுமில்ல, கருப்பசாமி கும்பிடுறவகளும் வருவாக. கட்டிப் போட்டுட்டுப் போனா ரெண்டாம் நாளு உண்ணி பூராம் உதுந்து கெடக்கும்."

அவளுக்குப் பிடித்த மாட்டின் பெயர் கருப்பி. அதன் கழுத்தைச் சொறிந்தபடியே வயிற்றையும் தடவிக்கொண்டாள். "மொத ரெண்டும் தங்கல மேடம். இது மூணாவது. டாக்டரம்மா பாலு நெறயக் குடின்னு சொன்னாக. காலையிலயும் சாயங்காலமும் கருப்பி பாலுதான். நெய்யும் அவ நெய்யிதான். இந்தத் தடவ அந்தோணியாரு கைவிட மாட்டாரு."

தீவனம், வைக்கோல், கிணற்றுத் தண்ணீர், பருத்திக்கொட்டை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லாமே சுத்தம். கோடு நேராகப் போனது. பாலில் மட்டும் மலை. எங்கிருந்துதான் வருகிறது? சாரே குழம்பிப் போய், "நேர்ல போயி சும்மா உக்காந்து பாரும்மா. ஒண்ணும் எடுக்காத" என்றார்.

போனேன். பலாப்பழக் காலம். ஜெசிந்தா சுளைகளைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து, தொழு வாசலில் முக்காலி போட்டு என்னை உட்காரவைத்தாள். பேசிக்கொண்டே இருந்ததில் தட்டைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்துக் குனிந்து பார்த்தேன். சுளையிலிருந்து தேனாய் வடிந்து தட்டில் தேங்கி நிற்கிறது. பக்கத்திலேயே சாணி, மூத்திரம், மாடுகள். ஒரு ஈ இல்லை.

நிமிர்ந்து மாடுகளைப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. ஒரு மாட்டின் வாலும் ஆடவில்லை. காது சிலிர்க்கவில்லை. வால் எல்லாம் கயிறு தொங்குகிற மாதிரி தொங்கின. விட்டத்தில் ஒட்டடை இல்லை, பல்லி இல்லை. தரையில் எறும்பு இல்லை. கருப்பி மட்டும் கழுத்தை நீட்டிச் சுவரை நக்கியது. அந்தச் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

"ஏன் மேடம், மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?"

"இந்தச் சுவத்து மண்ணு கொஞ்சம் வேணும் ஜெசிந்தா."

மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். மாடத்திலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "கேக்குறவகளுக்கெல்லாம் குடுக்குறதுதான். தொட்டிலுக்கு அடியில வச்சா எறும்பு வராது. கொண்டு போங்க, உங்க ஆபீஸ்லயும் பூச்சி பொட்டு அண்டாது."

அந்த மண்ணைக் கரைத்துச் செலுத்தியபோது பேனா மேலே போய்க் காகிதத்தின் விளிம்பில் முட்டி, இறங்காமல் அங்கேயே கோடு இழுத்துக்கொண்டு போனது. கருவியே கெட்டுப்போனது. அதற்குப் பிறகு வெறும் கரைப்பானைச் செலுத்தினாலும் அந்த மலை நிழல் மாதிரி அதே இடத்தில் எழுந்தது. எத்தனை கழுவியும் வந்தது. சார் கருவியை அணைத்தார். கையைக் கழுவினார். துடைத்துவிட்டுத் திரும்பவும் கழுவினார். "அந்தப் பொண்ணு மாசமா இருக்குன்னு சொன்னியேம்மா" என்றார்.

மறுநாளே கிளம்பினேன். ஜெசிந்தா கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இந்தத் தொழு முன்னே என்னவாக இருந்தது என்று கேட்டேன்.

"பழைய கிட்டங்கி மேடம். எஸ்டேட்டுக்காரக மருந்து மூட்டை அடுக்கி வச்சிருந்த எடமாம். அவுக காலி பண்ணிட்டுப் போன பெறகு எங்கய்யா வெலைக்கு வாங்குனாக. சொவரு பாதி இடிஞ்சு கெடந்துச்சாம். தரையில கெடந்த மண்ணையே வெட்டிக் கொழச்சுப் பூசுனாக. வெள்ளையா, பொலபொலன்னு நல்ல மண்ணுன்னு சொல்லுவா…" வாளி கையில் சாய்ந்து தண்ணீர் காலில் ஊற்றியது.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவள் என்னைக் கடித்துக் குதறாத குறை. "அந்தோணியாரு குடுத்தத வெஷம்ங்குறீகளா? மாட்டுக்கு ஏதாச்சும் ஆச்சா? எங்கய்யாவுக்கு ஏதாச்சும் ஆச்சா? பால் வெலயக் கொறைக்க உங்க கம்பெனிக்காரக கட்டுன கதை இது. எந்திரிச்சுப் போங்க இங்கருந்து!"

"பலாச்சுளை வச்சியே, அதுல ஒரு ஈயாவது உக்காந்துச்சா?" என்றேன்.

அவள் தொழுவைத் திரும்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த தொழு. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். வேறு குரலில் கேட்டாள்.

"நான் பொறந்ததுலருந்து இந்த நெய்யத்தானக்கா தின்னுருக்கேன். அப்ப எனக்குள்ள?"

மேடம் என்பது அக்காவாக மாறியது அந்தக் கேள்வியில்தான். மாட்டைப் பற்றி சார் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. கொழுப்பு, குடித்தனம், மடி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாடு வளர்க்கிறவளுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

மொத்தத் தொழுவையும் இடித்தார்கள். கம்பெனிதான் ஆள் அனுப்பி மண்ணை வாரி டிரம்மில் அடைத்து எடுத்துப் போனது. ஊரில் பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், தொட்டிலடியில் இருந்ததையும் பிள்ளைகள் இடுப்பில் முடிந்து கட்டியிருந்ததையும் திரும்ப வாங்கி வந்தாள். "குடுத்தது நானு, வாங்குறதும் நான்தான்" என்றாளாம். அந்தோணியார் படத்தை மட்டும் புதுத் தொழுவில் மாட்டினாள். "அவரு என்னக்கா செய்வாரு பாவம். அவரத் தூக்கி அந்தச் சொவத்துல மாட்டுனது நம்மதான" என்றாள்.

புதுத் தொழுவில் கருப்பியின் மேல் ஈ வந்து உட்கார்ந்தது. அது பிறந்ததிலிருந்து ஈயையே அறியாத மாடு. மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஓடி நின்ற இடம் பழைய சுவர் இருந்த இடம். அங்கே சுவர் இல்லை. முகவாய் உயரத்தில் நாக்கை நீட்டிக் காற்றை நக்கிக்கொண்டு நின்றது. அதை நானே பார்த்தேன். இப்போதும் சில நாள் அது என் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

கருப்பியின் பாலை யாருக்கும் விற்காமல், குடிக்காமல், மாதாமாதம் எங்களுக்கு அனுப்பினாள். கருவியின் உள்குழாயையே மாற்றி, அந்த நிழல் மலை போன பிறகுதான் அதைச் செலுத்தினோம். சுவரே இல்லாமல் போன பிறகும் மலை வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குட்டையானது.

ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை தங்கிவிட்டது. முன்னே இரண்டு தங்காததற்கும் அந்தச் சுவருக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னிடம் கேட்காதீர்கள். சாரிடம் நான் கேட்டேன். "இருக்கு இல்லன்னு சொல்ல முடியாத எடமும் உண்டும்மா" என்றார்.

பிள்ளை பிறந்து சில வாரம் ஆனதும் அவளே ஆய்வகத்துக்கு வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்துத் தந்தாள். "கருப்பி பாலுக்கா. எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

புட்டியைத் திறந்தேன். நீர்த்து, லேசாக நீலம் பூத்த பால். ஒரு துளி அமிலம் விட்டால் மாட்டுப் பால் கட்டி கட்டியாகத் திரியும். இது திரியவில்லை, மெல்லிய தூசு மாதிரி கலங்கியது. நானும் பிள்ளை பெற்றவள். அது எந்தப் பால் என்று தெரியாதா?

கொழுப்பைப் பிரித்தேன். கரைத்தேன். குழாயில் இறக்கினேன். சுண்டவைத்தேன். எத்தனையோ முறை செய்த வேலைதான், அன்றைக்கு ஒவ்வொன்றும் பாவம் மாதிரி இருந்தது. மாதாவே, முருகா, அந்தோணியாரே என்று எனக்குத் தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். பேனா நேராகப் போனது. அந்த இடம் வந்ததும் ஏறியது.

சார் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "இருக்கு" என்றார். "எந்த மாடு?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் தடவையாக, திரும்பச் செய் என்று அவர் சொல்லவில்லை. "பெரியாஸ்பத்திரியில பிள்ளைங்க டாக்டருக்குப் போன் போடும்மா" என்றார். டாக்டர் அளவைக் கேட்டார். வேறு நாலைந்து கேள்வி கேட்டார். "குடுக்கச் சொல்லுங்க. இந்த அளவுக்குப் பயந்து நிப்பாட்டுனா, அதுதான் பிள்ளைக்குக் கெடுதல்" என்று திட்டமாகச் சொன்னார்.

மறுநாள் ஜெசிந்தா ஆய்வக வாசல் புங்க மரத்தடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. புட்டியை என்னிடம் தந்த நாளிலிருந்து பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைக்கு மாவுப் பால். அதுவும் குடிக்க மாட்டேன் என்கிறது.

"கருப்பி பாலு எப்படிக்கா இருக்கு?"

"அது கருப்பி பாலு இல்ல ஜெசிந்தா."

அவள் தலை குனிந்தாள். "இருக்கா, இல்லையா?"

"இருக்கு. டாக்டர்கிட்டக் கேட்டாச்சு. குடுக்கணும்னு சொல்லிட்டார். குடு."

"நெசமாச் சொன்னாகளா?"

"என் பிள்ள மேல சத்தியம். குடுடி, அது அழுகுறத என்னால கேக்க முடியல."

பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையால் அவளை மறைத்துக்கொண்டேன். பிள்ளை தாவிப் பிடித்தது. அழுகை நின்றது. விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

"இவ குடிக்கக் குடிக்க எனக்குக் கொறையும்ல? கருப்பிக்குக் கொறஞ்ச மாதிரி?"

"கொறையும்."

"அப்ப இவளுக்குப் போகுது."

அவள் அழவில்லை. பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு அடுத்த பக்கம் மாற்றினாள்.

வயிறு நிறைந்து பிள்ளை தூங்கிப்போனது. கடைவாயில் ஒரு சொட்டுப் பால் வழிந்து நின்றது. மரத்தைச் சுற்றிப் பறந்த ஈ ஒன்று வந்து அந்தச் சொட்டின் மேல் உட்கார்ந்தது. விரட்டக் கை நீட்டினேன். ஜெசிந்தா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிடி வலித்தது. இருவரும் மூச்சுக்கூட விடாமல் குனிந்து பார்த்தோம். ஈ அந்தப் பாலை உறிஞ்சியது. முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிள்ளையின் கன்னத்தில் ஏறி நடந்தது, நின்றது. அசையாமல் நின்றது. அவள் நகம் என் கையில் இறங்கியது.

பிறகு அது பறந்து போனது.

"பறந்துருச்சுக்கா" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.